ஒண்ணு குறையுது

ஊரையே சிரிக்க வச்சவன் அழுமூஞ்சியோட வந்து நின்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். டைரக்டர் பேச்சிமுத்து அன்னைக்கு அப்படித்தான் வந்து நின்னான். ஒரு கையில ஜிலேபி டப்பா, இன்னொரு கையில ஐம்பதாவது நாள் போஸ்டர். மூஞ்சியில மட்டும் எழவு வீட்டுக் களை.

நான் சவுண்ட் பாக்குறவன், பேரு தனகோபால். சாலிகிராமத்துல என் ரூமும் எஸ்தர் டீச்சரோட எடிட்டிங் ரூமும் ஒரே மாடியில, நடுவுல ஒரு கதவு. எடிட்டரை ஏன் டீச்சர்னு கூப்பிடுறாங்கன்னா, அவங்க ஃபிலிம் காலேஜ்ல எடிட்டிங் சொல்லிக் குடுத்தவங்க. இன்னைக்குப் படம் பண்ற பாதிப் பேரு அவங்ககிட்ட திட்டு வாங்கி வளந்தவங்கதான். பேச்சிமுத்துவும் அதுல ஒருத்தன். நாப்பது வயசாச்சு, தலை நரைக்க ஆரம்பிச்சாச்சு, இன்னும் டீச்சர் சொன்னாத்தான் உக்காருவான்.

அன்னைக்கு டீச்சர் உக்காரச் சொல்லலை.

அவங்களுக்கு அவன் மேல கோபம். சாதாரணக் கோபம் இல்லை. படம் வந்த நாள்ல இருந்து அவன் போனையே எடுக்கலை. ஏன்னு நானும் கேக்கலை. அவங்க கோபமா இருக்கிறப்ப கேள்வி கேட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

படத்தைப் பாக்காதவங்களுக்காகச் சொல்லிடுறேன். ஒரு பெரிய குடும்பம், ஒரு வேன், கோயில் கோயிலாப் போறாங்க. கூட எடுபிடியா ஒருத்தன், பேரு கண்ணுச்சாமி. வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி அவன் தலையை எண்ணுவான். எண்ணி முடிச்சதும் மூஞ்சி வெளுத்துப் போயி, "ஒண்ணு குறையுது"ம்பான். எல்லாரும் இறங்கித் தேடுவாங்க. கூட வந்த பாட்டுக்காரன் புதருக்குள்ள தேடுவான், மாப்பிள்ளை கிணத்துக்குள்ள எட்டிப் பாப்பான். கடைசியில ஹீரோ வந்து கண்ணுச்சாமி பின்னந்தலையில ஒண்ணு வச்சு, "உன்னை எண்ண மறந்துட்டியேடா மண்டு!"ம்பான். டொய்ங்குன்னு ஒரு சத்தம். தியேட்டரே விழுந்து புரளும்.

அடுத்த ஊர்ல மறுபடி அதே. அதுக்கடுத்த ஊர்லயும் அதே. படத்துக்குப் பேரே 'ஒண்ணு குறையுது'தான்.

அந்தக் கண்ணுச்சாமி ஏன் இப்படி எண்ணிக்கிட்டே இருக்கான்? படத்துல ஒருத்தரும் கேக்கலை. மனுசன் பதறிப் போயி நிக்கிறானே, என்னன்னு விசாரிப்போம்னு ஒரு நாதிக்கும் தோணலை. சிரிச்சுட்டு வந்தாச்சு, அவ்வளவுதான்.

"டீச்சர், ஒரு கேள்வி" அப்படின்னான் பேச்சிமுத்து.

"கேளு."

"ஊரே சிரிக்குது. எங்க சீனி அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டேங்கான். ஏன்?"

டீச்சர் திரும்பவே இல்லை. ஸ்க்ரீன்ல யாரோட படமோ ஓடிக்கிட்டிருந்துச்சு, அதை நிறுத்தினாங்க.

"உன் அண்ணன்கிட்ட இருந்துதானே அந்தக் கேரக்டரை எடுத்த?"

"ஆமா டீச்சர். எங்க வீட்டு வண்டி எங்க கிளம்பினாலும் அவன்தான் எண்ணுவான். அச்சு அசல் அப்படியே. கடைசியில ஒண்ணு குறையுதும்பான். நாங்க சிரிச்சுக்கிட்டே, உன்னை எண்ணலையேன்னு சொல்லுவோம். சின்னப் பிள்ளையில இருந்து பாத்தது. அதான் படத்துல வச்சேன்."

"வச்சதும்?"

"கோவில்பட்டியில முதல் நாள் குடும்பத்தோட கூட்டிட்டுப் போனேன். இடைவேளையில எந்திரிச்சுப் போனவன் திரும்பி வரலை. வீட்டுக்கு நடந்தே போயிட்டான். அதுல இருந்து என்கூடப் பேச்சு இல்லை."

"சரி."

"தெருவுல சின்னப் பயலுக பின்னாடியே போயி 'ஒண்ணு குறையுது, ஒண்ணு குறையுது'ன்னு கத்துறானுக. அவன் தீப்பெட்டி ஆபீஸ்ல சாயங்காலம் பொம்பளையாளுகளை வண்டியில ஏத்தி விடுறவன். அவுகளும், 'அண்ணாச்சி, இன்னைக்கு எத்தனை குறையுது?'ன்னு கேக்காக. விளையாட்டாத்தான் கேக்காக. இவன் எண்ணுறதையே விட்டுட்டான் டீச்சர்."

"அதுக்கு என்கிட்ட எதுக்கு வந்த?"

அவன் டப்பாவையும் போஸ்டரையும் மேசையில வச்சான்.

"வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் குலதெய்வம் கோயில்ல காது குத்து. வேன் பேசியாச்சு. சொந்தக்காரங்க எல்லாரும் வாராங்க. அண்ணன்கிட்ட ஆள் விட்டுக் கேட்டா, 'நான் வரலை, நீங்களே எண்ணிக்கோங்க'ன்னுட்டான். என் சம்சாரம் ஒரே பிடியா நிக்கா. பெரியத்தான் வந்து எண்ணாம என் பிள்ளைகளை அந்த வண்டியில ஏத்த மாட்டேங்கா. அம்மா அப்பா போன பிறகு என்னை வளத்தது அவன்தான் டீச்சர். தாய்மாமன்னு யாரும் இல்லை, அவன் மடியில உக்காராம என் மகளுக்குக் காது குத்துனா அது என்ன காது குத்து?"

 எனக்கு லேசாப் பாவமா இருந்துச்சு. டீச்சருக்கு இல்லை.

"இப்ப உன் கேள்வி என்ன? அண்ணன் ஏன் சிரிக்கலைன்னா, இல்ல, அண்ணன் ஏன் வண்டிக்கு வரலைன்னா?"

"ரெண்டும்தான். படத்துல அவனை நான் கேவலப்படுத்தலையே டீச்சர்? நல்லவனாத்தானே காட்டியிருக்கேன்? ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஜனங்க கண்ணுச்சாமியை எவ்வளவு பிரியமாப் பாக்காங்க தெரியுமா? ரெண்டாம் பாகமே அவனை வச்சுத்தான் பண்ணச் சொல்றாங்க."

டீச்சர் நாற்காலியைத் திருப்பி அவனை ஏறிட்டுப் பாத்தாங்க. கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க. அவங்க கண்ணாடியைக் கழட்டினா நான் கதவை மூடிக்குவேன். அன்னைக்கு மூடலை. வேடிக்கை பாக்குற புத்தி, வேற என்ன.

"உன் வீட்டு ஆளுங்களை எண்ணு" அப்படின்னாங்க.

"எதுக்கு டீச்சர்?"

"எண்ணுன்னா எண்ணு."

விரலை மடக்கினான். "அண்ணன். நான். என் சம்சாரம். மகன், மகள். அஞ்சு பேரு."

"ஒண்ணு குறையுது."

எனக்குப் பொசுக்குனு சிரிப்பு வந்திருச்சு. பாழாப்போன படம் அப்படிப் பழக்கி வச்சிருக்கு. டீச்சர் என்னைப் பாத்த பார்வையில வாயை மூடிக்கிட்டேன்.

"இல்லையே டீச்சர். என்னையும் சேத்துத்தான் எண்ணினேன்."

"ஒண்ணு குறையுது. திரும்ப எண்ணு."

"அத்தை எங்க வீட்லதான் இருக்காங்க. அத்தையைச் சேத்தா ஆறு."

"ஒண்ணு குறையுது."

"வேற யாரு டீச்சர்? அண்ணன் கல்யாணமே பண்ணிக்கலை."

"திரும்ப எண்ணு."

அவன் மூஞ்சி சிவந்துச்சு. பெரிய டைரக்டர் இப்ப. போன வாரம்தான் ஏதோ ஒரு மேடையில சால்வையெல்லாம் போட்டிருந்தாங்க. இப்படி நிக்க வச்சு விரல் விட்டு எண்ணச் சொன்னா யாருக்குத்தான் கோபம் வராது?

"செத்தவங்களையும் சேக்கணுமா? சரி, அப்பா. அம்மா. எட்டு. போதுமா?"

"ஒண்ணு குறையுது."

"டீச்சர், என்னைக் கிண்டல் பண்றீங்களா?"

"உங்க அண்ணன் எப்பவாவது அப்படிக் கேட்டாரா?"

"என்னது?"

"நீங்க எல்லாரும் சேந்து சிரிச்சீங்களே. ஒரு தடவையாவது, என்னைக் கிண்டல் பண்றீங்களான்னு கேட்டாரா?"

அவன் விரல் எல்லாம் மடக்கினபடியே இருந்துச்சு. அதையே பாத்தான். அப்புறம் மெதுவா, "பாப்பாவைச் சொல்றீங்களா?" அப்படின்னான்.

"நீ சொல்லு."

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு டீச்சர். எனக்கு நல்லா ஞாபகம் இல்லை. அப்ப எனக்கு நாலு வயசு. சொந்தக்காரங்க எல்லாரும் ஒரு வேன்ல கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்கோம். மழை. தரைப்பாலத்துக்கு மேல தண்ணி போயிருக்கு. டிரைவர் தாண்டிரலாம்னு இறக்கிட்டான். வண்டி சரிஞ்சிருச்சு. அண்ணன்தான் அந்த வேன்ல கிளீனர், மீசை கூட முளைக்காத வயசு. அவன்தான் பின் கதவைத் திறந்து ஒவ்வொருத்தரா இழுத்துக் கரையேத்தி விட்டிருக்கான். என்னையும் அவன்தான் தூக்கிட்டு வந்தான்னு சொல்லுவாங்க. பாப்பா மட்டும் தண்ணியோட போயிருச்சு."

"அதுக்கப்புறம்தான் எண்ண ஆரம்பிச்சாரா?"

"ஆமா. அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விட மாட்டா. அண்ணன் எண்ணி முடிச்சு ஒண்ணு குறையுதுன்னு சொன்னா அம்மா மூஞ்சி மாறும். உடனே அப்பா, 'உன்னை எண்ணலையேடா கோட்டிப்பயலே'ன்னு சத்தமாச் சிரிப்பாரு. அம்மாவும் சிரிச்சிருவா. எங்களுக்கும் அப்படியே பழகிப் போச்சு."

"உங்க அப்பாவுக்கு உங்க அம்மாவை அழ விடக் கூடாதுன்னு இருந்துச்சு. அவரு சிரிச்சாரு. உனக்கு என்ன வந்துச்சு?"

"டீச்சர்..."

"உனக்கு என்ன வந்துச்சுன்னு கேக்குறேன். மூணு மணி நேரப் படம் கையில இருந்துச்சு. காசு போட ஆள் இருந்தாங்க. நல்ல நடிகன் இருந்தான். அந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிசம் குடுக்க முடியலையா உன்னால?"

"காமெடிப் படம் டீச்சர் அது! அங்க போயி இதை வச்சா ஜனங்க எந்திரிச்சுப் போயிருவாங்க!"

"உங்க அண்ணன் எந்திரிச்சுப் போயிட்டாருல்ல? அவரு ஜனங்க இல்லையா?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். டீச்சர் விடுறதா இல்லை.

"அந்தப் பிள்ளை பேரு என்ன?"

"பாப்பா."

"பேரைக் கேட்டேன்."

"பாப்பான்னுதான் டீச்சர் கூப்பிடுவாங்க. வீட்ல ஒரு போட்டோ கூட இல்லை. அம்மா எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டா. பேரு... பேரு வச்சிருப்பாங்க. எனக்குத் தெரியலை."

டீச்சர் மூஞ்சியில அப்ப ஒரு மாற்றம் வந்துச்சு பாருங்க, அதை நான் இதுக்கு முன்னாடி பாத்ததில்லை. கோபம் அப்படியே நின்னு போச்சு. ஒரு நிமிசம் வெறும் அதிர்ச்சிதான் இருந்துச்சு.

"நிஜமாவே தெரியாதா உனக்கு?"

"தெரியாது டீச்சர். சத்தியமா."

"நீ தெரிஞ்சேதான் வெட்டினதா நினைச்சுக்கிட்டு இருந்தேன்" அப்படின்னாங்க. "இத்தனை நாளும் அப்படி நினைச்சுத்தான் உன் மேல வெறுப்பா இருந்தேன். தெரிஞ்சு வெட்டியிருந்தாக் கூடப் பரவாயில்லைன்னு இப்பத் தோணுது."

"எதை வெட்டினேன்?"

டீச்சர் என் பக்கம் திரும்பினாங்க.

"தனா, ஆத்தங்கரை சீனோட ரஷ், வெட்டாத ஒரிஜினல், என் டிஸ்க்குல இருக்கு. ஸ்பீக்கர்ல போடு. நல்லாக் கேக்கணும்."

ஆத்தங்கரை சீன் படத்தோட கடைசியில வருது. கண்ணுச்சாமியா நடிச்சவரு ஆவுடையப்பன், நாடகத்துல இருந்து வந்தவரு. அந்த சீன்ல ஒரே ஒரு டேக்கை மட்டும் டீச்சர் தனியா எடுத்து வச்சிருந்தாங்க. எடிட் பண்ணும்போது அதைத்தான் படத்துல வச்சாங்க. அப்ப அவங்க அக்கா தவறிப் போயி ஊருக்குப் போக வேண்டியதாப் போச்சு. அந்த நேரம் பாத்து இவன் வேற ஆளை உக்கார வச்சு அந்த டேக்கைத் தூக்கிட்டு, வழக்கமான டேக்கை வச்சு டொய்ங் சத்தம் போட்டுட்டான். டீச்சர் தியேட்டர்ல டிக்கெட் எடுத்து உக்காந்த பிறகுதான் அவங்களுக்கே தெரியும். எனக்கு இதெல்லாம் பின்னாடி அவங்க சொல்லித்தான் தெரியும்.

ரஷ்ஷை ஓட விட்டேன்.

ஆத்தங்கரையில வேன் நிக்குது. ஆவுடையப்பன் எண்ணுறாரு. மூஞ்சி வெளுக்குது. "ஒண்ணு குறையுது"ங்கிறாரு. எல்லாரும் இறங்கி ஓடுறாங்க. ஹீரோ வந்து அவரு பின்னந்தலையில ஒண்ணு வைக்கிறான். "உன்னை எண்ண மறந்துட்டியேடா மண்டு!"

அந்த இடத்துல அவரு அசடு வழிஞ்சு தலையைச் சொறியணும். அதான் சீன்.

அவரு சொறியலை. ஆத்துப் பக்கம் திரும்பினாரு.

"மறக்கலைய்யா" அப்படின்னாரு. குரல் ரொம்ப மெதுவா வந்துச்சு, நான் சத்தத்தைக் கூட்டினேன். "அன்னைக்குத்தான் ஏறினவுக கணக்குல இல்லாத என்னையும் சேத்து எண்ணிட்டேன். கணக்கு சரியா வந்துச்சு. எல்லாரும் இருக்கோம்னு நான்தான் சொன்னேன். என் சொல்லை நம்பி எல்லாரும் கரையிலயே நின்னுட்டாக. உள்ள செல்லக்கிளி இருந்திருக்காய்யா. நான் என்னை எண்ணாம இருந்திருந்தா..."

"கட்! கட்! கட்!"

அது பேச்சிமுத்துவோட குரல். நல்லாக் கணீர்னு வந்துச்சு.

"யாருய்யா அது செல்லக்கிளி? படத்துல அப்படி ஒரு ஆளே கிடையாதேய்யா! காமெடி சீன்ல வந்து ஒப்பாரி வைக்கிறீரே, தலையைச் சொறியும்யா, தலையைச் சொறியும்!"

யூனிட்டே கொல்லுனு சிரிச்சுச்சு. ஆவுடையப்பன் மட்டும் அப்படியே ஆத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அதோட ரஷ் முடிஞ்சு போச்சு.

பேச்சிமுத்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டான்.

"இன்னொரு தடவை போடவா?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"வேண்டாம்."

"தனா, போடு."

போட்டேன்.  இரண்டாவது தடவை அவனோட குரல் வந்தப்ப அவன் காதைப் பொத்திக்கிட்டான்.

"ஆவுடையப்பனுக்கு யாரு சொன்னா டீச்சர்?"

"உங்க அண்ணன்தான். வேற யாரு சொல்லுவா? இந்த டேக்கைப் பாத்துட்டு நான் ஆவுடையப்பனையே கூப்பிட்டுக் கேட்டேன். நீதானே எண்ணுறதைப் படிச்சுட்டு வாங்கன்னு ஒரு வாரம் அவரு வீட்ல தங்க வச்ச? அந்த நடிகரும் அவரு கூடவே போயி எண்ணியிருக்காரு. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுல, 'அண்ணாச்சி, யாரு குறையுறா?'ன்னு கேட்டாராம். அவ்வளவுதான் கேட்டது. உங்க அண்ணன் தட்டைத் தள்ளி வச்சுட்டு எல்லாத்தையும் சொல்லியிருக்காரு. சொல்லி முடிச்சுட்டு, 'இதை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்லை'ன்னாராம்."

பேச்சிமுத்து தரையில உக்காந்துட்டான். யாரும் சொல்லாமலே.

"நான் கேட்டதில்லை" அப்படின்னான்.

"ஆமா. நீ கேட்டதில்லை."

"தன்னை எண்ண மறந்துருதான்னு நினைச்சேன் டீச்சர். நாங்க எல்லாருமே அப்படித்தான் நினைச்சோம்."

"தன்னைச் சேத்து எண்ணினதுனாலதான் பிள்ளை போச்சுன்னு, அதுக்கப்புறம் ஒரு தடவை கூடத் தன்னைச் சேத்துக்காத மனுசன். அவரு பின்னந்தலையில அடிச்சு, உன்னை எண்ண மறந்துட்டியேன்னு சொல்லியிருக்க. ஒரு தடவை இல்ல, ஊருக்கு ஊரு. அவரையே டிக்கெட் எடுத்து உக்கார வச்சுப் பாக்கச் சொல்லியிருக்க."

நான் வெளியில போயிரலாமான்னு பாத்தேன்.  எனக்கும் உறுத்தத்தான் செஞ்சுச்சு. இதே படத்துக்குத்தான் என் பிள்ளைகளோட போயி நானும் வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு வந்தேன்.

பேச்சிமுத்து திடீர்னு நிமிந்தான். கண்ணைத் தொடச்சுக்கிட்டான். சினிமாக்காரன் புத்தி எங்க போகும்?

"டீச்சர், இதைச் சரி பண்ணிரலாம். ஓடிடியில வரும்போது இந்த டேக்கைச் சேத்துருவோம். இல்ல, ரெண்டாம் பாகத்தோட கதையே இதுதான்! கண்ணுச்சாமியோட பழைய கதை. ஆரம்பத்துலயே 'செல்லக்கிளியின் நினைவுக்கு'ன்னு ஒரு கார்டு. நீங்களே எடிட் பண்ணுங்க. ஜனங்க கதறி..."

டீச்சர் எந்திரிச்ச வேகத்துல நாற்காலி சுவத்துல போயி முட்டுச்சு. ஜிலேபி டப்பாவைத் தூக்கி அவன் மடியில போட்டாங்க.

"எடுத்துட்டு வெளிய போ."

"டீச்சர்?"

"முதல் தடவை அவளை வச்சுச் சிரிக்க வச்ச. இப்ப அவளை வச்சு அழ வைக்கப் போறியா? அதுக்கும் ஐம்பதாவது நாள் கொண்டாடுவியா? இதுக்கும் ஜிலேபி வாங்குவியா?"

"நான் அப்படி..."

"உன்னைப் படிக்க வச்சது நான். எங்க வெட்டணும்னு சொல்லிக் குடுத்தேனே தவிர, எங்க கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கலை போலிருக்கு. போ. உன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பிடிக்கலை."

அவன் போகலை. டப்பாவை மடியில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தான். பாகு கசிஞ்சு சட்டையெல்லாம் ஒட்டுச்சு, அவன் கவனிக்கவே இல்லை. சின்னப் பிள்ளையாட்டம் குலுங்கிக் குலுங்கி அழுதான். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னாங்க.

ரொம்ப நேரம் கழிச்சு அவன் பையில இருந்து போனை எடுத்தான்.

"யாருக்கு?"ன்னாங்க டீச்சர், திரும்பாமலே.

"அண்ணனுக்கு."

"என்ன சொல்லப் போற?"

"நானும் எண்ணிப் பாத்தேன் அண்ணே, ஒண்ணு குறையுதுன்னு சொல்லப் போறேன்."

"சொல்லு. உடனே போனை வச்சுருவாரு. தெருவுல கத்துற பயலுக பத்தாதுன்னு தம்பியும் ஆரம்பிச்சுட்டான்னு நினைப்பாரு."

அவன் விரல் போன் மேலயே நின்னு போச்சு.

"அந்தப் பிள்ளையைப் பத்திப் பேச உங்க அண்ணன்கிட்ட இருந்தது அந்த ரெண்டு வார்த்தைதான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவளை இத்தனை வருசம் வச்சிருந்தாரு. நீ அதைப் பிடுங்கி ஊருக்கே விளையாடக் குடுத்துட்ட. இனி அவரு வாயைத் திறந்தா தெருவே சிரிக்கும். பின்ன எப்படி எண்ணுவாரு?"

"அப்ப அந்தப் பேரையாவது சொல்லட்டுமா? செல்லக்..."

"சொல்லாத."

டீச்சர் திரும்பினாங்க. கண்ணு சிவந்திருந்துச்சு.

"அந்தப் பேரை நீ வாங்கலை. ஆவுடையப்பன் கேட்டு வாங்கினாரு. நீ கட் பண்ணினதுல இருந்து பொறுக்கின பேரு அது. அதைக் கொண்டு போயி அவரு முன்னாடி வைக்காத."

"பின்ன நான் என்னதான் செய்ய டீச்சர்? வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பணும். அவன் இல்லாம என்னால ஏற முடியாது. சத்தியமா முடியாது."

"இன்னைக்கே ஊருக்குப் போ. கூட யாரையும் கூட்டிட்டுப் போகாத. போனை அணைச்சு வை. அவரு சாப்பிட உக்காரும்போது எதிர்ல போயி உக்காரு. 'யாரு அண்ணே குறையுறா?'ன்னு கேளு."

"எந்திரிச்சுப் போயிட்டான்னா?"

"மறுநாளும் போயி உக்காரு."

"பதிலே சொல்லலைன்னா?"

"நீ எத்தனை வருசம் கேக்காம இருந்த? அவரு கொஞ்ச நாள் சொல்லாம இருக்கட்டும்."

அவன் தரையில கையூணி எந்திரிச்சான். போஸ்டரைச் சுருட்டி எடுத்தான், அப்புறம் என்ன நினைச்சானோ, குப்பைக் கூடையில செருகிட்டான். வாசல் வரைக்கும் போனவன் நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"டீச்சர், அண்ணன் அழுது நான் பாத்ததே இல்லை. அம்மா செத்தப்பக் கூட அழலை. சொல்ல ஆரம்பிச்சுட்டு, நடுவுல உடைஞ்சு போயி அழுதுட்டான்னா, அப்ப நான் என்ன செய்யணும்?"

டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டாங்க. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

"கட் சொல்லாத."